நடுவுல கத்துவேன், ஓடாதீக

இந்த யோசனை எனக்குத் தோன்றுவதற்குச் சற்று முன்னால், ஒலிப்பதிவு பார்க்கும் காளி தெருவில் நின்றுகொண்டிருந்தான். அவன் பாதி கடித்த வடை என் மேசைமேல் கிடந்தது.

விருதுநகரில் அப்பாவின் பருப்பு மண்டிக்கு மேலே, இப்போது நீங்கள் நான்கு பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் இதே மாடி அறைதான். அப்போது நானும் காளியும் மட்டும். குற்றக் கதைகள் சொல்லும் நம் பாட்காஸ்டில் ஒரு கிணற்றுக் கொலையைப் பற்றிய பகுதி அந்த வாரம்தான் வெளியாகியிருந்தது. கேட்டவர்கள் அனுப்பியிருந்த குரல் செய்திகளை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். அதில் ஒரு பெண்ணின் குரல், மூச்சுவிடாத வேகத்தில் வந்தது.

“அக்கா, வாளிக்கயிறு பத்திச் சொன்னீகள்ல, அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, மச்சினன்தான் கொன்னிருக்கான்னு. ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல...”

“ஏய்ய்!” என்று ஒரு கத்தல். ஸ்பீக்கர் அதிர்ந்தது.

நான் சத்தத்தைக் குறைக்கக் கையை நீட்டினேன். நீட்டி முடிப்பதற்குள் காளி படியிறங்கித் தெருவுக்கே போய்விட்டான். மூச்சு வாங்கத் திரும்பி வந்தவனைப் பார்த்து நான் சிரித்தேன்.

“சிரிக்காதப்பா” என்றான். “எங்க விஸ்வநத்தத்துல நடக்கப் பழகுறப்பவே இதச் சொல்லிக்குடுத்துருவாக. எவனாச்சும் கத்துனா என்ன ஏதுன்னு நின்னு கேக்கக் கூடாது. ஓடணும். மண்டிக்காரர் மகளுக்கு இது எங்க புரியப்போவுது?”

அவன் அம்மா, அக்கா, சித்தப்பா எல்லோரும் பட்டாசு வேலைக்காரர்கள். வெடிமருந்து இருக்கும் இடத்தில் கத்தலுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான். கேள்வி கேட்பவர்கள் கடைசியில் வெளியே வருவார்கள். சில சமயம் வரமாட்டார்கள்.

மீதிச் செய்தியைப் போட்டோம்.

“...மன்னிச்சுக்கோங்கக்கா, கத்துனது நான்தான். எனக்கு டூரெட்னு ஒன்னு இருக்கு. கழுத்து வெட்டி வெட்டி இழுக்கும், கண்ணு சிமிட்டும், நடுநடுவுல இப்படிக் கத்துவேன். வேணும்னு செய்யிறதில்ல. மதுரையில ஒரு டாக்டரம்மா பேரு சொன்னப்புறம்தான் அதுக்கு ஒரு பேரு இருக்குன்னே தெரியும். அதுவரைக்கும் எல்லாக் கோயில்லயும் மந்திரிச்சாச்சு. சங்கதி என்னன்னா, உங்க கொலக்கதையக் கேக்குறப்ப மட்டும் எல்லாம் அடங்கிக் கெடக்கு. இன்னும் நாலு கொல போடுங்கக்கா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

காளி வடையை எடுத்தான். நான் போனை எடுத்தேன். இந்தப் பெண் கேட்கிறவளாக மட்டும் இருக்கக் கூடாது, மைக்குக்கு இந்தப் பக்கம் வர வேண்டும் என்று பட்டது. எனக்கு எதுவும் பட்டுவிட்டால் பிறகு பொறுமை கிடையாது. இந்தச் சில வாரங்களில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

பணி அனுபவங்களை ஓய்வு பெற்றவர்கள்தான் எழுத வேண்டும், முடி நரைத்திருக்க வேண்டும் என்று காளி கேலி செய்கிறான். செய்யட்டும். எனக்கு இருபத்தொன்பது வயது. ஆனால் நீங்கள் இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள். மைக்கை எப்படிப் பொருத்துவது, எங்கே வெட்டுவது, எங்கே ஒட்டுவது எல்லாம் காளி சொல்லித் தருவான். அவனும் நானும் கிட்டத்தட்டப் பிரிந்தே போயிருக்க வேண்டிய ஒரு வாரத்தைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும்.

அவள் பெயர் செல்வி. ஆமத்தூர்க்காரி. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டருக்குத் தகரப் பட்டி பொருத்தும் வேலை. “மிசினு என்னவிடப் பெருசாக் கத்துது. அதனால அங்கன என்னய யாரும் கண்டுக்க மாட்டாக” என்றாள். அதற்கு முன்னால் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாளாம். அதை எதற்கு விட்டாய் என்று கேட்டதற்குக் கழுத்து மூன்று முறை வெட்டி இழுத்தது. பேச்சை மாற்றிவிட்டாள்.

முதல் நாள் பதிவின் முதல் பாதி ஒன்றுக்கும் உதவவில்லை. படித்த பிள்ளை அல்லவா நான், அந்த நோயைப் பற்றி எல்லாவற்றையும் வாசித்து வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டேன். எப்போது தொடங்கியது, எங்கே வலிக்கும், அடக்க முடியுமா. கேட்கக் கேட்க அவளுக்கு அது கூடிக்கொண்டே போனது. கண் சிமிட்டல், கழுத்து, கத்தல், திரும்பக் கண். பாதியில் அவளே கையெடுத்துக் கும்பிட்டாள்.

“அக்கா, தும்மலப் பத்திப் பேசிக்கிட்டே இருந்தா உங்களுக்கு மூக்கு நமநமங்காதா? அப்படித்தான் இதுவும். வேற எதையாச்சும் கேளுங்க. யாரையாச்சும் கொல்லுங்க.”

கொன்றோம். வாளிக்கயிற்றை மறுபடி எடுத்துப் போட்டு, மச்சினனா அண்ணன்காரனா என்று மூன்று பேரும் சண்டை போட்டோம். அவள் தோள் தளர்ந்தது. கழுத்து நின்றது. நான் ஏதும் கேட்காமலேயே, கொலைப் பேச்சின் நடுவில், கம்பெனிக் கதை தானாக வந்து விழுந்தது.

லேபிள் ஒட்டும் கொட்டகையில் ஒருநாள் அடக்கி அடக்கிப் பார்த்திருக்கிறாள். முடியவில்லை. கத்திவிட்டாள். உள்ளே இருந்த பெண்கள் எல்லோரும் வெளியே ஓடினார்கள்.

“நானும் ஓடினேன்க்கா” என்று சிரித்தாள். “கத்துனது நான்தான்னு வேலியோரம் போயி நின்னப்புறம்தான் உறைச்சுச்சு.”

சிரிப்பு நின்றது. ஓடியவர்களில் ஜெயக்கொடி என்பவர் வாசல்படியில் விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டார். ஜெயக்கொடி செல்விக்கு ஒரே தெரு, அத்தை முறை. தினமும் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டு. வேலையைவிட்டு நிறுத்தியதைப் பற்றிச் செல்விக்கு வருத்தமே இல்லை. “நிறுத்துனது சரிதான்க்கா. அந்த இடத்துல என்னய வச்சிருக்கக் கூடாது. எங்கம்மாவும் அங்கனதான் வேல பாக்குறா.” வருத்தம் வேறு. அன்றிலிருந்து அத்தை பேசுவதில்லை. தெருமுனையில் செல்வியைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். இரண்டு தீபாவளி சீசன் போய்விட்டது.

“அத்த உங்க கொலக்கதைய விடாமக் கேப்பா. நான்தான் அவ போன்ல போட்டுக் குடுத்தேன். அதனாலதான் வந்தேன். அவ எங்கூடப் பேசணும். எனக்கு அம்புட்டுத்தான் வேணும்.”

காளி ஒரு வாரம் உட்கார்ந்து அந்தப் பதிவைச் செப்பனிட்டான். குக்கர் விசில், பஸ் ஹாரன், மண்டியில் மூட்டை இறக்கும் சத்தம் எல்லாவற்றையும் துடைப்பதுபோல அவளுடைய கத்தல்களையும் மூச்சிழுப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். அன்பில் செய்த வேலை. நானும் கேட்டுவிட்டு அருமை என்றுதான் சொன்னேன். செல்வியை வரவழைத்து ஹெட்போனை மாட்டினோம்.

கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு, “நல்லாப் பேசுறாளே, யாருக்கா இவ?” என்றாள்.

காளி பெருமையாக, “நீதான்” என்றான்.

“நான் இல்லண்ணே. நான் இப்படி ஒரு நாளும் பேசுனதில்ல. இத அத்த கேட்டா என்ன நெனைப்பா? ‘இம்புட்டு நேரம் கத்தாம இருக்கத் தெரியுதுல்ல, அப்ப அன்னைக்கு வேணும்னேதான் கத்திருக்கா’ன்னு நெனைப்பா.”

காளியின் முகம் வாடிப்போனது. ஒலிப்பதிவில் எது இரைச்சல், எது குரல் என்பதைக் கருவி சொல்லாது. நாம்தான் முடிவு செய்கிறோம். நீங்கள் வெட்டும் ஒவ்வோர் இடத்திலும் பேசியவரைக் கேளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் வெட்டாதீர்கள்.

எடுத்ததையெல்லாம் திரும்பச் சேர்த்தான் காளி. ஆனால் இன்னொரு சிக்கல் வந்தது. நம் நிகழ்ச்சியைக் கேட்பவர்களில் பாதிப்பேர் இந்தச் சுற்றுவட்டாரத்துக்காரர்கள். இந்தக் கத்தலைக் கேட்டால் பைக்கில் போகிறவர் என்ன ஆவார்? அடுப்படியில் நிற்கிறவர்? செல்வியே வழி சொன்னாள். ஆரம்பத்தில் அவள் குரலிலேயே இரண்டு வரி: “நடுவுல கத்துவேன், யாரும் ஓடாதீக. வண்டி ஓட்டுறவுக ஓரமா நிறுத்திக்கோங்க.”

வெள்ளிக்கிழமை வெளியிடுவதாக அறிவித்தோம். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எனக்குள் இருக்கும் குற்றக்கதைக்காரி சும்மா இருக்கவில்லை. ஒரு சம்பவத்தில் இரண்டு பேர் இருந்தால் இரண்டு பேரையும் கேட்க வேண்டும். செல்வியிடம் அத்தையைப் போய்ப் பார்க்கட்டுமா என்றேன். “போங்க. நான் அனுப்புனேன்னு சொல்லிறாதீக” என்றாள்.

ஜெயக்கொடி நல்ல வெயிலில் வந்த என்னை உட்கார வைத்து மோர் கொடுத்தார். பதிவு செய்யலாமா என்று கேட்டேன். “செஞ்சுக்கோங்க, எனக்கு என்ன பயம்?” என்றார். முறுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் கருவியை வைத்தேன். செல்விமேல் கோபமா என்று நேராகவே கேட்டேன்.

“கோவமா? அவ மேலயா?” வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டார். “நான்தான அவளக் கூட்டிட்டுப் போயி வேலைக்குச் சேத்துவிட்டேன். ‘சளிப்பிடிச்ச புள்ள, செருமும், வேற ஒன்னுமில்ல’ன்னு போர்மேன்கிட்டப் பொய்யச் சொல்லி வச்சேன். பஸ்ஸுல என் தோள்லதான் தூங்குவா. அவ சத்தம் எனக்குத் தெரியாதா? அன்னைக்குக் கத்துனப்பவும் அவதான்னு தெரியும். தெரிஞ்சுதான் ஓடினேன். காலு நம்ம பேச்சக் கேக்குதா?”

மோர்ச் சொம்பை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

“போர்மேன் வந்து, யாரு கத்துனதுன்னாரு. எல்லாப் புள்ளைகளும் தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிதுக. ஒருத்தியும் வாயத் தொறக்கல. நான் ஒடிஞ்ச கைய மடியில வச்சுக்கிட்டு நல்ல கையால அவளக் காட்டினேன். வேலியோரம் மூஞ்சியப் பொத்திக்கிட்டு நின்னவளுக்கு அது தெரியாது. நான் கோவமா இருக்கேன்னு நெனைச்சுக்கிட்டிருக்கா. எந்த மூஞ்சியோட நான் அவ முன்னாடி நிப்பேன், சொல்லுங்க.”

கருவியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் அப்போதுதான் அதைப் பார்த்தார்.

“இத அவகிட்டச் சொல்லிறாதீக. இதுல போட்டும் விட்டுறாதீக.”

என் வேலையில் அதுவரை எனக்குக் கிடைத்தவற்றில் சிறந்த பதிவு அது. காளி கேட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டான்.

“இத வைக்காம எத வைக்கிறது?”

“வேண்டாம்னு சொன்னாங்கல்ல.”

“மொதல்ல சரின்னாகல்ல? பதிவுலயே இருக்கு.”

“அப்ப என்ன பேசப்போறோம்னு அவங்களுக்கே தெரியாது. பேசினப்புறம் வேண்டாம்னாங்க. நான் ரெண்டாவதத்தான் எடுத்துக்குவேன்.”

“ஏப்பா, அத விடு. செல்வி ரெண்டு வருசமா தன்னையே திட்டிக்கிட்டு அழுகுறா. நம்ம கையில உண்மை இருக்கு. அத மறைச்சுட்டு, ‘எல்லாம் என் தப்பு’ன்னு அவ சொல்றத மட்டும் ஊருக்குப் போட்டுக் காட்டப்போறோம். இது மட்டும் நியாயமா?”

இதற்கு எனக்கு இப்போதும் முழுசாகப் பதில் தெரியாது. உங்களில் யாராவது காளி பக்கம் நின்றால் நான் கோபப்பட மாட்டேன். எனக்குப் பட்டது ஒன்றுதான். குற்றக் கதைகளில் நமக்கு ஒரு பழக்கம் படிந்துவிட்டது: ஆள் யார் என்று கண்டுபிடித்ததும் கதை முடிந்தது. இங்கே கத்தியவள்மேல் குற்றம் இல்லை. கத்தலைக் கேட்டு ஓடியவர்கள்மேலும் இல்லை. அந்த இடத்தில் ஓடத்தான் வேண்டும். கைகாட்டிய அத்தையையும் என்னால் கூண்டில் ஏற்ற முடியவில்லை, வலியில் இருந்த மனுஷி. அந்த உண்மை செல்விக்குப் போய்ச் சேர வேண்டும், சரி. ஆனால் அவள் அதை ஹெட்போனில், ஊர் முழுக்கக் கேட்கும் அதே நேரத்தில் கேட்கலாமா? அதை எடுத்துக்கொண்டு போக வேண்டிய ஆள் நான் இல்லை.

காளி இரண்டு நாள் என்னோடு வேலையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

செல்வி கேட்டாள்: “அத்த என்னக்கா சொன்னா?”

“நல்லா இருக்காங்க. கை சரியாயிருச்சு” என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கண் சிமிட்டல் தொடங்கி அவளே திரும்பிக்கொண்டாள்.

நான் ஜெயக்கொடியிடம் திரும்பப் போய், உங்கள் குரல் வராது என்றேன்.

“அவ குரலு?”

“வரும். வெள்ளிக்கிழமை.”

“என்னயப் பத்தி என்ன சொல்லிருக்கா?”

“நீங்களே கேளுங்க.”

வெள்ளிக்கிழமை வெளியிட்டோம். பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, தெரியும்தானே. காலையில் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார்கள், அல்லது பஸ் டிரைவரிடம் கொடுத்துவைப்பார்கள். அதனால் சாயங்காலம் ஜெயக்கொடி பஸ் ஏறும்வரை ஒரு தகவலும் வராது. நான் மண்டியில் இறங்கி அப்பாவுக்குப் பருப்புச் சலிக்க உதவினேன் என்றால் என் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். அப்பா பயந்துபோய் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

சனிக்கிழமையும் ஒன்றும் வரவில்லை. ஞாயிறு மத்தியானம் செல்வியிடமிருந்து குரல் செய்தி.

“அக்கா, வெள்ளிக்கெளம பஸ்ஸுலயே அதக் கேட்டுட்டு எறங்குன அத்த வீட்டுக்குக்கூடப் போகாம டிபன் வாளியோட நேரா இங்கன வந்துட்டா. வாசல்ல நிக்கிறா. பேச மாட்டேங்குறா. எனக்குப் பதட்டத்துல... கத்திட்டேன். வழக்கத்தவிடப் பெருசா. தெருவுல போன ரெண்டு பேரு ஓடுறாக. அத்த ஓடலக்கா. கதவு நிலையப் பிடிச்சுக்கிட்டு, மூஞ்சியெல்லாம் வேத்து ஊத்துது, காலு நடுங்குது, ஓடல. நின்னா.

“அப்பறம் எல்லாத்தையும் சொன்னா, கைகாட்டுனது வரைக்கும். எனக்குக் கோவம் வந்துருச்சுக்கா. எம்புட்டு நாளு அழுதிருக்கேன். ‘போ, நாளைக்கு வா’ன்னுட்டேன். மறுநாளும் வந்தா. அப்பவும் நான் பேசல. இன்னைக்குக் கறியெடுத்து ஆக்கிக் கொண்டாந்துட்டா. என்னத்தச் செய்ய? சேந்து சாப்பிட்டோம். சாப்பிட்டுக்கிட்டே எங்கூட மல்லுக்கட்டுறா, கிணத்துக் கொலைய அண்ணன்காரன்தான் செஞ்சான்னு. வெவரம் கெட்டவ.”

செய்தி முடிந்துவிட்டது என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் இருந்தது.

“உங்களுக்கு முன்னாடியே தெரியும்லக்கா? கை சரியாயிருச்சுன்னு சொல்லிட்டு மூஞ்சிய ஒரு மாதிரி வச்சிருந்தீக. உங்களுக்கு மறைக்க வரல. விடுங்க.”

காளிக்குப் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, ஜெயக்கொடியின் பதிவை என்ன செய்வது என்று அவரிடமே போன் போட்டுக் கேட்டான். “அதான் நேருலயே சொல்லிட்டேன்ல, அழிச்சிருய்யா” என்றாராம். அவனே அழித்தான். நமக்குக் கிடைத்த சிறந்த பதிவு இப்போது உலகத்தில் எங்கும் இல்லை. நான் எடுத்தது சரியான முடிவு என்பதற்கு இதைச் சாட்சியாகச் சொல்லவில்லை. அந்த அத்தை அன்று பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகத் தன் வீட்டுக்கே போயிருந்தால், இன்றைக்கு இதை எந்த முகத்தோடு எழுதியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. முடிவு எடுக்கும்போது பஸ் எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது.

இனி, உங்களை எதற்குக் கூப்பிட்டேன் என்பதற்கு வருகிறேன்.

செல்விக்கு இனிமேல் விருந்தாளியாக வந்து தன் நோயைப் பற்றிப் பேச விருப்பமில்லை. குற்றக் கதையை அவளே சொல்ல வேண்டுமாம். கதையையும் பிடித்துவிட்டாள்: ஒரு கோயில் மணி காணாமல் போய், யார் எடுத்தார்கள் என்று கடைசிவரை தெரியாமலே போன கதை. அவள் சொல்ல, ஜெயக்கொடி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வோர் ஆளாகச் சந்தேகப்பட வேண்டும். இருவரும் வீட்டில் ஒத்திகை பார்த்து, இரண்டு முறை சண்டை போட்டாகிவிட்டது. நான் அறையில் வைத்துப் பதியலாம் என்றேன். செல்வி ஒப்புக்கொள்ளவில்லை. ஆட்கள் முன்னால், நேராக, ஒரே மூச்சில் சொல்ல வேண்டும் என்கிறாள். யார் அந்த ஆட்கள் என்றால், அவளோடு அந்தக் கொட்டகையில் லேபிள் ஒட்டிய அதே பெண்கள். ஜெயக்கொடி ஒவ்வொரு வீடாகப் போய் அழைத்துவிட்டார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி விடுமுறை. ஆனைக்குட்டம் அணைக்கரையில் திறந்தவெளி. வாசல் கிடையாது, படி கிடையாது, தடுக்கி விழ ஒன்றும் கிடையாது. காளி போய் நடந்து பார்த்து, இரண்டு கல்லை அப்புறப்படுத்திவிட்டு வந்திருக்கிறான். உங்கள் நான்கு பேர் கையிலும் நான்கு மைக். அவள் கத்தும்போது உங்கள் கை ஆடும். ஆடட்டும், மைக்கை மட்டும் கீழே போடாதீர்கள்.

இது சரியாக வருமா என்று தெரியவில்லை. அந்தப் பெண்கள் ஓடிவிடலாம். பழகிய கால்கள், முன்கூட்டிச் சொன்னாலும் கேட்காது. அதைச் செல்வியிடம் கேட்டுவிட்டேன். ஓடினால் ஓடட்டுமாம். எல்லோரும் திரும்பி வந்து உட்காரும்வரை கதையை அந்த இடத்திலேயே நிறுத்தி வைத்திருப்பாளாம்.